ஆஸ்டினுக்குள் மஞ்சள்

வேலம்பாளையத்து எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் செக்கிங் மேசையில் நின்ற ரஹ்மத்துன்னிசாவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பனியன் மேல் கொசு உட்கார்ந்து எழுந்து போனால்கூட அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள் என்பார்கள். கேலிதான். ஆனால் கப்பலேறிப் போன சரக்கு கறையோடு திரும்பி வந்தால் கம்பெனி என்ன பாடுபடும் என்று தெரிந்தவர்கள் அந்தக் கேலியைக் கொஞ்சம் பயத்தோடுதான் சொன்னார்கள். பதினோரு வருஷமாக டியூப் லைட்டுக்கு அடியில் நின்று வெள்ளைத் துணியை விரிப்பது, இது எண்ணெயா, துருவா, சாயமா, மத்தியானச் சாப்பாடா என்று பார்ப்பது, கறைமேல் சின்ன அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளுவது. அதுதான் அவள் பிழைப்பு.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு நாள் காரைப் பார்க்க வேண்டிவரும் என்று அவள் கனவிலும் நினைத்திருக்கமாட்டாள். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை அப்படித்தான் வந்தது.

அவள் புருஷன் பாரூக் மெக்கானிக். சாயப்பட்டறை ஒன்றை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஷெட், அவனே கடனை உடனை வாங்கிப் போட்டது. கைவேலைக்காரன், பொய் சொல்லத் தெரியாதவன், எல்லாம் சரி. ஆனால் அவசரக்காரன். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காது என்பார்களே, அது அவனுக்காகவே சொன்னது. செவ்வாய்க்கிழமை கார் சொந்தக்காரர் தலைமேல் நின்று, "தெறந்து பாருங்க பாய், தெறந்து பாருங்க" என்று முடுக்க, இவனும் அப்போதுதான் நிறுத்திய எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டான். கொதிக்கிற தண்ணீர் ஒரு ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. முகம் தப்பியது அல்லாவின் கருணை. இரண்டு கையும் விரல் நுனியிலிருந்து முழங்கைவரை வெந்துபோய், இப்போது கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். சோறுகூட ரஹ்மத்துதான் ஊட்டுகிறாள்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஐம்பத்திரண்டாம் வருஷத்து ஆஸ்டின், கறுப்பு நிறம். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நிட்டிங் கம்பெனி வைத்திருக்கும் பொங்கியண்ணன், தன் அப்பா ஓட்டிய வண்டி என்று அதைக் கண்ணைப்போல வைத்திருந்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் வண்டி இழுக்கவில்லை என்று பாரூக்கிடம் விட்டார். பாரூக் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி, வால்வுகளைத் தேய்த்து, ரேடியேட்டரை நல்ல தண்ணீர் விட்டு மூன்று தடவை கழுவி, புதுசுபோல மாட்டிக் கொடுத்தான். வண்டி இழுத்தது, குதிரையாகத்தான் இழுத்தது. ஆனால் அன்றிலிருந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது.

அதுவும் எப்படி? எஞ்சின் ஓடுகிறவரை ஒரு சொட்டு வராது. குனிந்து, படுத்து, டார்ச் அடித்து எப்படிப் பார்த்தாலும் காய்ந்த எஞ்சின்தான். நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் முன்பக்கம், ரேடியேட்டருக்குக் கீழே, தரையில் குளம். ஆள் அசந்த பிறகு வருகிற திருட்டுப் பூனை மாதிரி. பாரூக் ரப்பர் குழாய்களை மாற்றினான், தண்ணீர் பம்பைக் கழற்றி மாட்டினான், ரேடியேட்டரை அனுப்பர்பாளையத்துக்கு அனுப்பிப் பற்றவைத்து வாங்கினான். குளம் மட்டும் நிற்கவில்லை.

"என்ற அப்பன் காலத்துலருந்து ஒரு சொட்டு ஒழுகுனதில்லீங்க பாய்" என்றார் பொங்கியண்ணன். "நீங்க ஹெட்டத் தெறந்தீங்க, ஒழுகுது. அப்புறம் யாரக் குத்தஞ் சொல்றதுங்க?"

கொங்கு நாட்டில் கோபம் வந்தால்கூட 'ங்க' போகாது. கேட்கிறவனுக்கு அதுதான் அதிகம் வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை அவருடைய புதுக் கட்டடத்துக்குப் பூஜை, அப்பாவின் காரில்தான் போய் இறங்குவேன் என்று சபதம். வியாழன் நாலு மணிக்குள் சரியாகவில்லையென்றால் கயிறு கட்டி கோயமுத்தூருக்கு இழுத்துப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வியாழன் காலை, ரஹ்மத்து வேலைக்குக் கிளம்பும்போது பாரூக் சொன்னான்:

"ரஹ்மத்து, அந்தப் பாஸ்போர்ட்ட எடுத்து வெளிய வையி. சாயங்காலம் ஏஜெண்டு வர்றான்."

"எதுக்குங்க இப்ப?"

"நாலு மணிக்கு வண்டியக் கயித்துல கட்டி ரோட்டோட இழுத்துட்டுப் போவாங்க. ஊரே வேடிக்கை பாக்கும். பாரூக்கு ஹெட்ட ஒடச்சுட்டான்னு ஆகிப்போச்சுன்னா, இந்த ஷெட்டுல ஈ கூட உக்காராது. நான் ரியாத்துக்குப் போயிர்றேன்."

"கையி ரெண்டும் வெந்து கெடக்குது. இந்தக் கையோடயா?"

"விசா வர ரெண்டு மாசமாகும். கையி ஆறிரும்."

அவள் அக்கா அஜீஸுன்னிசாவின் மாப்பிள்ளை இரண்டே வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் அங்கே போனார். ஏழு வருஷம் ஆகிறது. நடுவில் ஒரு தடவை வந்தபோது, அவர் பெற்ற பெண் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அம்மா, மாமா வந்திருக்காங்க" என்றது. அந்த வார்த்தையைக் கேட்ட அன்று அக்கா அழுத அழுகை ரஹ்மத்துவின் காதில் இன்னும் இருக்கிறது.

"பெட்டியில காணோங்க. வந்து தேடறேன்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். பாஸ்போர்ட் எங்கும் போகவில்லை. கை வெந்ததிலிருந்தே அவன் ரியாத் பேச்சை எடுத்துக்கொண்டிருந்ததால், முந்தின இரவே அதை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, டிபன் பாக்ஸுக்கு அடியில் பைக்குள் வைத்துவிட்டாள். புருஷன் கட்டுப் போட்ட கையோடு பெட்டியைத் திறக்கமாட்டான்தான். இருந்தாலும் அவளுக்கு நம்பிக்கையில்லை.

மத்தியானம் அரை ஷிப்ட் போனால் போகிறது என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சி, வெட்டுத்துணி மூட்டையிலிருந்து ஒரு கை வெள்ளை வேஸ்ட் துணி கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு மணிக்கு ஷெட்டுக்கு வந்துவிட்டாள். பாரூக் ஸ்டூலில் உட்கார்ந்து ஆஸ்டினையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"எங்க ஒழுகுதுன்னு எப்படிப் பாத்தீங்க?" என்றாள்.

"சொட்டற எடத்துக்கு மேலதான் பாக்கணும். வேற எப்படிப் பாப்பாங்க?"

"எங்க மேசைக்கு வர்ற துணியில கறை ஒரு எடத்துல இருக்கும், எண்ணெ ஒழுகுன மெசின் வேற எங்கியோ இருக்கும். கறை நகரும்ங்க. சின்னதா இருக்கறப்பவே புடிக்கணும்."

இவளுக்கு என்ன தெரியும் என்று பாரூக்குக்கு வாய்வரை வந்திருக்கும். கையைப் பார்த்துக்கொண்டு அடக்கிக்கொண்டான்.

அவள் பக்கத்துச் சாயப்பட்டறைக்குப் போய், அங்கே வேலை செய்யும் மருதாளைக் கூப்பிட்டாள்.

"மருதாக்கா, ஒரு கரண்டி சாயம் குடுங்க."

"எந்தத் துணிக்கு கண்ணு?"

"துணிக்கில்லீங்க்கா. காருக்கு."

"காரச் சாயத்துல முக்கப் போறியா? சரியாப் போச்சு போ! புருசங் கையி வெந்ததுல உனக்கு மண்டை வெந்துபோச்சாட்ட இருக்குது" என்று சொல்லிக்கொண்டே மருதாள் சிவப்புச் சாய டப்பாவைத் திறந்தாள்.

"செவப்பு வேண்டாங்க்கா. துருவும் செவப்பாத்தான் வரும். நீலம் குடுங்க."

எஞ்சின் ஆறியிருந்தது. பாரூக் சொல்லச் சொல்ல, அவள் ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். ஆறிய வண்டிதான், இருந்தாலும் மூடியைத் திருகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீலத்தைக் கரைத்து ஊற்றினாள். பிறகு குழாய் சேரும் இடம், பம்ப், ஹெட்டின் விளிம்பு என்று பாரூக் சந்தேகப்பட்ட எட்டு இடங்களிலும் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டினாள். அவன் சொன்ன குமிழை இழுத்ததும் ஆஸ்டின் இருமிக்கொண்டு கிளம்பியது. மணி இரண்டரை.

அரை மணி நேரம் ஓடவிட்டார்கள். எட்டுத் துணியும் வெள்ளை. தரையில் ஒன்றுமில்லை.

"நிறுத்து" என்றான் பாரூக்.

சத்தம் நின்றது. அந்த நிசப்தத்தில் சூடான இரும்பு டிக் டிக்கென்று சுருங்குகிற ஒலி மட்டும் கேட்டது. "இப்பத்தான் சனியன் வெளிய வரும். ஓடறப்ப தண்ணி சுத்திக்கிட்டே இருக்கும், சூடு சேராது. நிறுத்துனா தண்ணியும் நின்னுரும், இரும்புல இருக்கற சூடெல்லாம் அதுல ஏறும். ஏறுனா உள்ளருந்து அமுக்கும்" என்று பாரூக் சொன்னான். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். பத்தாவது நிமிஷம் ரேடியேட்டருக்குக் கீழே ஒரு நீலச் சொட்டு விழுந்தது. இன்னொன்று. மூன்றாவது.

ரஹ்மத்து ஓடிப்போய் எட்டுத் துணியையும் பார்த்தாள். எட்டும் வெள்ளை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"பாத்தியா? உள்ளாற வெடிச்சிருக்கு. ஹெட்டுதான். பொங்கியண்ணன் சொன்னதுதான் நெசம். என்ற கையாலயே நான் ஒடச்சிருக்கேன்" என்றான் பாரூக்.

"வாய மூடுங்க கொஞ்சம்!" என்று கத்திவிட்டாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவனிடம் இப்படி அவள் பேசியதில்லை. கத்திய வேகத்திலேயே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மல்லாந்து வண்டிக்கு அடியில் போய்விட்டாள்.

அங்கே பார்த்தபோதுதான் தெரிந்தது. சொட்டு விழுகிற இடத்துக்கு மேலே ஒன்றுமில்லை. ஆனால் எஞ்சினின் அடிவிளிம்பில் நூல் பிடித்தாற்போல ஒரு நீலக் கோடு, பின்பக்கத்திலிருந்து முன்பக்கம்வரை வந்திருந்தது. ஷெட்டின் தரை ரோட்டைப் பார்த்துச் சரிவு. வண்டியின் மூக்கும் ரோட்டைப் பார்த்துத்தான் நிற்கிறது. பின்னால் ஒழுகுகிற தண்ணீர், சரிவில் எஞ்சினோடு நடந்து வந்து முன்னால் சொட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று வாரமாக ஒரு நல்ல மெக்கானிக் தண்ணீர் வந்து சேர்ந்த இடத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்திருக்கிறான்!

"ஏனுங்க, எஞ்சினுக்குப் பின்னால என்ன இருக்குது?" என்று அடியிலிருந்தே கேட்டாள்.

பாரூக் எழுந்து நின்றான். "பின்னாலயா? ஹெட்டோட பின்முகத்துல ஒரு ஓட்டை இருக்கும். வட்டமா தகடு வெச்சு அடிச்சு மூடியிருப்பாங்க. ஆனா அங்க கை போகாது ரஹ்மத்து. எஞ்சினுக்கும் வண்டிச் சுவத்துக்கும் நாலு விரக்கடைதான் சந்து."

"உங்க கை போகாது" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்து வளையல்களைக் கழற்றினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் வேன் வந்து நின்றது. மணி மூன்றரைகூட ஆகவில்லை. பொங்கியண்ணன் இறங்கினார், கையில் தேங்காய்நார்க் கயிறு, கட்டைவிரல் தடிமன்.

"என்னங்க பாய், ஆச்சுங்களா?" என்றவர் தரையில் கிடந்த நீலக் குளத்தைப் பார்த்தார். "இதென்னுங்க இது? எங்கப்பன் வண்டிக்குள்ளாற சாயத்த ஊத்தி வெச்சிருக்கீங்க?"

"அண்ணா, அரை மணி நேரம் பொறுங்க" என்றாள் ரஹ்மத்து.

"மூணு வாரம் பொறுத்தாச்சுங்க அம்மிணி." அவர் குனிந்து முன்பக்கத்து இரும்பில் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். டீக்கடையிலிருந்து நாலு பேர் எழுந்து வந்து வேடிக்கை பார்க்க நின்றார்கள். பாரூக் தலையைக் குனிந்துகொண்டான்.

எஞ்சின் ஆறக் காத்திருந்தால் கயிறு முந்திக்கொள்ளும். ரஹ்மத்து "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, வெள்ளைத் துணி ஒன்றை விரல்களில் சுற்றிக்கொண்டு, அந்தச் சந்துக்குள் கையை விட்டாள்.

"ரஹ்மத்து! வேண்டாம், சூடு ஆறல!" என்று பாரூக் அலறினான். "கைய எடு! என்னப் பாத்துமா உனக்குப் புத்தி வரல?"

சூடான இரும்பு முழங்கைக்குக் கீழே சுரீரென்று பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். விரல் நுனியில் வட்டமாக ஒரு விளிம்பு தட்டியது, பழைய ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசு. அதன் கீழ்ப்பக்கம் சொரசொரவென்று ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரமும் இருந்தது. அழுத்தித் துடைத்து, கையை வெளியே இழுத்தாள். முழங்கைக்குக் கீழே தோல் விரல் நீளத்துக்குச் சிவந்து கொப்பளித்திருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. துணியைத்தான் பார்த்தாள்.

நடுவில் பளிச்சென்று நீலம். ஒழுகுகிற இடம் அகப்பட்டது. அதைவிட, ஓரத்தில் விரல் தேய்ந்த இடத்தில் வேறொரு கறை, மஞ்சள்.

"அண்ணா, தகட்டு மூடியில ஓட்டை. ஹெட்டு ஒடையல" என்று பாரூக் ஓடிவந்து அவள் கையிலிருந்த துணியைக் காட்டிச் சொன்னான்.

பொங்கியண்ணன் நிமிர்ந்தார். "அந்த மூடி ஏனுங்க திடீர்னு ஓட்டையாகுது? நீங்க ஹெட்டத் தட்டிக் கழட்டறப்ப ஒடச்சிருப்பீங்க. எப்படிப் பாத்தாலும் உங்க கைவேலைதானுங்களே?"

கூட்டத்தில் ஒருவன் "அதுஞ் செரிதானே" என்றான்.

ரஹ்மத்து துணியை வெளிச்சத்தில் பிடித்தாள். நீலம் இன்றைய கறை. மஞ்சளோ பழசு, காய்ந்து, படிந்து, பொறுக்குத் தட்டிப்போனது. மூடியிலிருந்து ஏற்கெனவே ஒழுகி, வந்த வழியிலேயே உறைந்து நின்றது.

"இந்த மஞ்ச எங்கருந்து வந்துச்சு?" என்றாள் புருஷனிடம்.

"துருவா இருக்கும். ரேடியேட்டரக் கழுவறப்பவே தண்ணி மஞ்சளாத்தான் வந்துச்சு. நம்மூர்ல எந்தத் தண்ணி வெள்ளையா வருது?"

அதுவும் நியாயம்தான். போர்வெல்லைப் போட்டால் ஒரு நாள் ஊதா, ஒரு நாள் பச்சை என்று தண்ணீர் வருகிற ஊரில், ரேடியேட்டரில் மஞ்சள் தண்ணீர் வந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஆனால் ரஹ்மத்து துருவைப் பதினோரு வருஷம் பார்த்தவள். இது துரு இல்லை. இந்த மஞ்சளை அவள் தினமும் பார்க்கிறாள். மத்தியானம் குழம்பைப் பிசைந்து தின்றுவிட்டுச் சரியாகக் கை கழுவாமல் வந்து வெள்ளைப் பனியனைத் தொடுகிற புள்ளைகள் விட்டுவைக்கிற மஞ்சள். அதைக் கண்டுபிடிக்க மேசையிலேயே ஒரு வழி உண்டு.

கை கழுவும் இடத்தில் கிடந்த துணி சோப்பை எடுத்து நனைத்து, மஞ்சள் கறைமேல் தேய்த்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிவந்தது. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பைக் கரைத்ததுபோல ரத்தச் சிவப்பாகிவிட்டது.

"துருவுக்குச் சோப்புப் போட்டா செவக்காதுங்க அண்ணா" என்றாள். "இது மஞ்சத்தூளு. யாரோ ஒழுகறத அடைக்கறதுக்கு ரேடியேட்டருக்குள்ளாற மஞ்சத்தூளப் போட்டிருக்காங்க. அது போயி இந்த ஓட்டைய அடச்சுக்கிச்சு. எங்க ஊட்டுக்காரரு மூணு தடவ நல்ல தண்ணி ஊத்திக் கழுவுனாரு. அடப்புக் கரைஞ்சு போச்சு. அவரு ஒடைக்கலீங்க. சுத்தம் பண்ணுனாரு. அதுதான் அவரு பண்ணுன தப்பு."

பொங்கியண்ணன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அது வந்துங்க..." என்று இழுத்தார். "போன தை மாசம் பழனி போனப்ப தாராபுரத்துக்கிட்ட தண்ணி ஒழுகி வண்டி நின்னுபோச்சு. லாரிக்காரன் ஒருத்தன் மஞ்சத்தூளப் போடச் சொன்னானுங்க. போட்டேன். நின்னுபோச்சு. அப்பன் வண்டி ஒழுகுதுன்னு வெளிய சொன்னா அசிங்கமுன்னு யாருகிட்டயும் சொல்லல."

சொன்னவுடன் வெட்கம் பிடுங்கித் தின்றிருக்கவேண்டும். கட்டிய கயிற்றை அவரே அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போய்ச் சீக்கிரம் அவிழவில்லை. அவ்வளவு நேரமும் டீக்கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றது நல்லதாயிற்று. நாளைக்கு இந்தக் கதைதான் அனுப்பர்பாளையம்வரை போகும்.

"பாய், மனசுல வெச்சுக்காதீங்க. மூடிய மாத்திருங்க. எங்கப்பன் வண்டிய இனி உங்களத் தவுர வேற யாருந் தொடக் கூடாதுங்க" என்றார். பிறகு ரஹ்மத்துவிடம் திரும்பி, "அம்மிணி, நம்ம கம்பெனிக்குச் செக்கிங்குக்கு வந்துர்றீங்களா?" என்றார்.

"இல்லீங்க அண்ணா. எங்க கம்பெனியில மஞ்சக் கையோட திரியறது புள்ளைங்க மட்டுந்தான். உங்க கம்பெனியில மொதலாளியவே நான் செக் பண்ணோணும்" என்றாள். பொங்கியண்ணன்தான் முதலில் சிரித்தார்.

வேன் போயிற்று, கூட்டமும் கலைந்தது. ரஹ்மத்து குழாயடியில் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். எரிச்சல் இப்போதுதான் தெரிந்தது. அழுகையும் இப்போதுதான் நன்றாக வந்தது. பாரூக் பக்கத்தில் வந்து நின்றான். தொட்டுப் பார்க்கக்கூட அவனுக்குக் கையில்லை.

"மூடிய மாத்தறதுக்கும் உன்ற கைதான் வேணும். நாளைக்கு லீவு சொல்லிரு. எங்க அடிக்கணும்னு நான் சொல்றேன்."

"ம்."

"சாயங்காலம் ஏஜெண்டு வருவான்."

அவள் குழாயை மூடினாள். அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. "தேடணுங்க. இன்னும் தேடல" என்றாள்.

பாரூக் கட்டுப் போட்ட கையால் ஸ்டூலுக்குக் கீழே இருந்த அவளுடைய டிபன் பையைக் காட்டினான்.

"ராத்திரி நீ அதுல எடுத்து வெக்கறப்ப நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான். "ஏஜெண்டுகிட்ட நான் வரலைன்னு சொல்லிர்றேன். நீ அத வெளிய எடுத்துப் பெட்டியில போடு, ரஹ்மத்து. குழம்பு சிந்துச்சுன்னா மஞ்சளாயிரும்."